நாலு நாளைக்கு ஒரு பேரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் இரண்டு வகைதான். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் ஒரு வகை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு மெஷினின் வயிற்றைத் திறக்க வந்தவர்கள் இன்னொரு வகை. வாரம் முழுக்க ஓடுகிற மெஷினை ஞாயிறு அன்றுதான் திறக்க முடியும். 1994-ல் டிப்ளமா முடித்த கையோடு, வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் ஞாயிறே டியூட்டி போட்டுவிட்டார்கள். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையோடு போய் நின்றேன்.

பாய்லர் ரூம் ஃபோர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். வியாசர்பாடிக்காரர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா பின்னி மில் பாய்லரில் நிலக்கரி தள்ளியவர்.

“தம்பி, சட்டையக் கழட்டி அங்க மாட்டு. மூஞ்சி, கை, காது மடல் எல்லாத்துக்கும் தேங்காண்ணெய் தடவிக்கோ. இல்லன்னா புதன்கிழமை வரைக்கும் கரி போகாது.”

தடவிக்கொண்டேன். அப்படியும் புதன்கிழமை வரை போகவில்லை.

எங்கள் ஆட்கள் அந்த வேலையை ‘டியூப் அடிக்கிறது’ என்பார்கள். என்ன வேலை என்று சொல்ல, பாய்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்களுடையது மணிக்கு இரண்டு டன் நீராவி தருகிற சிறிய பாய்லர். படுக்கவைத்த பெரிய உருளை, உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு நடுவே பெரிய குழாய் ஒன்று. அதற்குள்தான் ஃபர்னஸ் ஆயில் பர்னர் எரியும். எரிந்த புகை பின்பக்கம் போய்த் திரும்பி, ஒரு கூட்டம் சின்ன டியூப்கள் வழியாக முன்பக்கம் வரும். மறுபடி திரும்பி, இன்னொரு கூட்டம் டியூப்கள் வழியாகப் பின்னால் போய்ச் சிம்னியில் ஏறும். டியூபுக்கு உள்ளே புகை, வெளியே தண்ணீர். புகையில் இருக்கும் சூடு டியூப் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குப் போக வேண்டும். எங்கள் பாய்லரில் அப்படி 104 டியூப்கள்.

புகை போகிற இடத்தில் கரி படியாமல் இருக்குமா? அம்மாக்கள் விறகடுப்புப் பானையின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்தது ஏன் என்று யோசித்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. இங்கே பானையின் அடி குழாயாகச் சுருண்டு, இரண்டரை அடி ஆழமாக இல்லாமல் இரண்டரை மீட்டர் நீளமாக இருக்கிறது. கை நுழையாது. அதனால் ராடு.

இரும்பு ராடுகள் துண்டுதுண்டாக இருக்கும், முனையில் மரை. ஒன்றோடு ஒன்றை முறுக்கி நீளமாக்கி, நுனியில் கம்பி பிரஷை மாட்டி, டியூபுக்குள் தள்ள வேண்டும். முன்கதவின் போல்ட்டுகளைக் கழற்றி, கதவைத் தள்ளித் திறந்தால் தேன்கூடு மாதிரி வட்ட வட்டமாக டியூப் வாய்கள். நான் முதல் டியூபில் பாதி வரை தள்ளிவிட்டு, கை வலித்ததும் பின்னால் இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அசையவே இல்லை.

“பாதியில திரும்பக் கூடாது தம்பி” என்றார் ஃபோர்மேன், பீடியை ஓரமாக வைத்துவிட்டு. பிரஷின் கம்பிகள் உள்ளே போகும்போது பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடுவழியில் இழுத்தால் அவை எதிர்ப்பக்கம் புரள இடம் இல்லாமல் சுவரில் குத்தி நின்றுவிடும். அந்தப் பக்கம் முழுசாக வெளியே தள்ளிவிட்டால், அங்கே கம்பிகள் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் இழுத்தால் மறுபக்கம் சாய்ந்து சுகமாக வரும். நான் மூன்று வருஷம் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

ஒவ்வொரு டியூப் முடிந்ததும் அதன் வாய்க்குக் கீழே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். 104 வட்டங்களில் எதை அடித்தோம், எதை அடிக்கவில்லை என்று ஒரு மணி நேரத்தில் குழம்பிவிடும். எல்லாம் ஒரே கறுப்பு. ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் உண்டு. அந்தக் கரி வியர்வையோடு சேர்ந்தால் அமிலம்போல எரியும். கழுத்து மடிப்பில்தான் முதலில் தெரியும். மாலை நாலு மணிக்கு முடிந்தது. ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும் கொடுத்தார்கள். வெல்லம் தின்றால் நெஞ்சில் போன கரி இறங்கிவிடும் என்பது எங்கள் பாய்லர் ரூமின் மருத்துவம். இறங்காது. ஆனால் அந்தப் பசியில் அந்த வெல்லத்துக்கு ஈடு கிடையாது.

இந்தக் கரியால் என்ன நஷ்டம் என்பதற்குக் கணக்கு உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தன் பாடநூல்களில் அதைப் பின்னாளில் அச்சிட்டது. டியூபில் 3 மி.மீ. கரி படிந்தால் எரிபொருள் செலவு 2.5 சதவீதம் கூடும். சிம்னிப் புகையின் சூடு ஒவ்வொரு 22 டிகிரி ஏறும்போதும் பாய்லரின் திறன் ஏறக்குறைய 1 சதவீதம் இறங்கும். அதனால் பாய்லர்காரனுக்குச் சிம்னி தெர்மாமீட்டர்தான் நாடி. எங்கள் பாய்லரில் டியூப் அடித்த மறுநாள் 210 டிகிரி காட்டும். மாதக் கடைசியில் 270-ஐத் தொடும். தண்ணீருக்குப் போக வேண்டிய அந்த 60 டிகிரியும் அம்பத்தூர் காக்கைகளுக்குக் குளிர் காயப் போகிறது.

சுத்தம் செய்ய மெஷின் இருக்கிறது என்பது எனக்கு ஒரு கேட்லாக் வழியாகத் தெரியவந்தது. மோட்டார் ஒன்று, அதிலிருந்து உறைக்குள் சுழலும் நீளமான வளையும் ஷாஃப்ட், நுனியில் பிரஷ். பழைய ஸ்கூட்டரின் ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பத்து மடங்கு தடிமனாக்கினால் எப்படி இருக்கும், அது. காலால் மிதித்தால் சுழலும், காலை எடுத்தால் நிற்கும். கூடவே வாக்குவம் இணைப்பு வைத்தால் கரி முகத்தில் பறக்காமல் பைக்குள் போய்விடும். இரண்டு ஆள் ஒரு நாள் செய்கிற வேலையை ஒரு ஆள் அரை நாளில் முடிக்கலாம்.

கேட்லாக்கை முதலாளியிடம் கொண்டுபோனேன். விலையைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் எவ்வளவு ஆகுது?” என்றார். சொன்னேன். மனசுக்குள்ளேயே வகுத்தார். “நாலஞ்சு வருஷ ஓவர்டைம் ஆகுதே தம்பி. ஆளுதான் இருக்காங்களே” என்றார்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனிதர், சம்பளத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காதவர். ஆனால் “ஆளுதான் இருக்காங்களே” என்ற அந்த வாக்கியத்தைப் பிறகு முப்பது வருஷத்தில் எத்தனை தொழிற்சாலைகளில், எத்தனை குரல்களில் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சுத்தம் செய்கிற மெஷினின் விலையை எப்போதும் சுத்தம் செய்கிற ஆளின் கூலியோடுதான் வைத்துப் பார்க்கிறார்கள். புகையோடு போகிற எண்ணெயோடு வைத்துப் பார்ப்பதில்லை. ஆள் மலிவு. அதனால் மெஷின் எப்போதும் விலை அதிகமாகவே தெரியும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்து, ஆறு வாரம் பாய்லரை நிறுத்த முடியவில்லை. சிம்னி 280-ஐத் தாண்டிவிட்டது. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நாளைக்கு ஏறக்குறைய 2000 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் எரிக்கிறோம். அதில் 2.5 சதவீதம் 50 லிட்டர். ஒரு பேரல் 200 லிட்டர். ஆக, இந்த நிலைமையில் நாலு நாளைக்கு ஒரு பேரல் எண்ணெய் சும்மா சிம்னி வழியாகப் போகிறது. தாளை ஃபோர்மேனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத அவர்கிட்ட குடுக்காத. பேப்பர்னா மடிச்சு வெச்சிடுவாரு.”

மறுநாள் முதலாளியின் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பேரல் நின்றது. நாலு நாள் கழித்து இரண்டாவது. அதற்கு நாலு நாள் கழித்து மூன்றாவது. மூன்றாவதுக்குக் காரைத் திருப்ப இடம் போதவில்லை. யார் வைத்தது, எதற்கு என்று சத்தம் போட்டுக்கொண்டே பாய்லர் ரூமுக்கு வந்தார். ஃபோர்மேன் சிம்னியைக் காட்டினார். “அது மேல போறத நான் கீழ வெச்சிருக்கேன் சார். அவ்வளவுதான்.”

தை மாதம் மெஷின் வாங்க அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. கல்லூரியில் படிக்கும்போது எண்ணூர் அனல் மின் நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போயிருந்தார்கள். 1970-ல் ஓடத் தொடங்கி, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-ல் மூடப்பட்ட நிலையம் அது. அங்கே பாய்லர் ஒரு ஏழெட்டு மாடிக் கட்டடம் மாதிரி நிற்கும். அது தண்ணீர்க் குழாய் வகை: டியூபுக்கு உள்ளே தண்ணீர், வெளியே தீ. எங்கள் பாய்லருக்கு நேர் எதிர். சாம்பல் டியூபின் வெளியே படியும். அதை நீக்க சூட் புளோயர் என்று ஒன்று சுவரில் வரிசையாகப் பொருத்தியிருக்கும். நீளமான ஈட்டி ஒன்று சுழன்றுகொண்டே தீக்குள் நுழைந்து, பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக நீராவியைப் பீய்ச்சி, சாம்பலை உதிர்த்துவிட்டு, வந்த வழியே பின்வாங்கும். பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் எதையும் கழற்ற வேண்டாம். நம் திருச்சி பெல் நிறுவனம் இவற்றைச் செய்கிறது. இந்தக் கருவிக்கென்றே அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1903-லேயே டைமண்ட் பவர் என்ற கம்பெனி தொடங்கிவிட்டது.

ஆயிரம் டிகிரி தீக்குள் ஆள் போக முடியாது. அதனால் அங்கே மெஷின் வந்துவிட்டது, யாரும் ஓவர்டைமோடு வகுத்துப் பார்க்கவில்லை. எங்கள் பாய்லரில் ஆள் போகலாம், அல்லது ஆளின் கை போகலாம். அதனால்தான் காலிப் பேரல் அடுக்க வேண்டியிருந்தது.

மெஷின் வாங்க பாரிமுனைக்குப் போனேன். லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு என்று மாறி மாறி நடந்தால், பாய்லருக்கு வேண்டியது எதுவும் கிடைக்காமல் போகாது. கிடைக்கும்வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான். மெஷினை ஒரு கடையில் சொல்லிவைத்தோம். பிரஷ் மட்டும் அங்கேயே வாங்கலாம் என்றார்கள். “சைஸ் என்ன தம்பி?” என்றார் கடைக்காரர்.

டிராயிங்கில் பார்த்திருந்தேன். “அறுபத்து மூன்றரை” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு டஜன் எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

63.5 மி.மீ. என்பது டியூபின் வெளி விட்டம். சுவர் கனம் 3.25 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் உள் விட்டம் 57. கம்பி பிரஷ் உள் விட்டத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருந்தால்தான் சுரண்டும், ஆறரை மி.மீ. பெரிதாக இருந்தால் சுரண்டாது, அடைக்கும். முதல் ஞாயிறு, மெஷினைச் சுற்றி ஐந்தாறு பேர், முதலாளியும் வந்து நிற்கிறார். பிரஷை டியூப் வாயில் வைத்து அழுத்தி, பெடலை மிதித்தேன். ஒன்றரை அடி போனது. அதற்கு மேல் பிரஷ் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. வெளியே இருந்த ஷாஃப்ட் பாம்பு மாதிரி நெளிந்து, ஒரு வளையம் போட்டு, உள்ளே டப்பென்று அறுந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஃபோர்மேன் மூலையில் சாத்தியிருந்த பழைய ராடை எடுத்தார்.

புது ஷாஃப்ட் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதுவரை மெஷின் ஸ்டோரில் கோணிக்குக் கீழே கிடந்தது. ‘மெஷின் சரிப்படாது’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது; தப்பு என்னுடையது, பழி மெஷினுக்கு. பல தொழிற்சாலைகளில் கோணிக்குக் கீழே கிடக்கும் நல்ல மெஷின்களைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே எவனோ உள் விட்டம் கேட்காமல் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

பாய்லர் டியூபைச் சுத்தம் செய்வது பாய்லர் அளவுக்கே பழைய தலைவலி. 1829-ல் ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ என்ற ரயில் இன்ஜின் 25 செம்புக் குழாய்களோடு ஓடியது. ஒரே பெரிய குழாய்க்குப் பதில் பல சின்னக் குழாய்கள் வைத்ததுதான் அதன் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். குழாய் கூடக் கூட, துடைக்க வேண்டிய இடமும் கூடும்தானே. 1867-ல் காப்புரிமை பெற்ற பாப்காக்–வில்காக்ஸ் தண்ணீர்க் குழாய் பாய்லர் பின்னாளில் எடுத்த வடிவத்தில், சாய்ந்த நேர்க்குழாய் ஒவ்வொன்றின் நுனிக்கும் எதிரே கழற்றக்கூடிய மூடி ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் சுரண்டியை நேராக உள்ளே விடலாம். வடிவமைத்தவர்களுக்கு ராடு பிடித்த கையின் வலி தெரிந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. வளைந்த குழாய் பாய்லர்கள் பரவியபோது நேர் ராடு உதவவில்லை. அங்கே டியூபுக்குள்ளேயே நுழைந்து போகிற குட்டி டர்பைன்கள் கைகொடுத்தன. இன்று பெரிய நீராவி டர்பைன்களுக்கும் கம்ப்ரஸர்களுக்கும் பேர்போன எலியட் கம்பெனி தொடங்கியதே பாய்லர் டியூப் சுத்தம் செய்யும் கருவியை விற்றுத்தான். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. துடைப்பத்தில் தொடங்கிய கம்பெனி!

எண்ணெய் எரித்த அமெரிக்க ரயில் இன்ஜின்களில் இன்னும் எளிய வழி இருந்தது. ஓடும்போதே தீ எரிகிற அறைக்குள் மணலை அள்ளி வீசுவார்கள். புகை இழுக்கும் வேகத்தில் மணல் டியூபெல்லாம் உரசிக்கொண்டு போய்ச் சிம்னி வழியாகக் கறுப்பாகக் கொட்டும். அந்த நேரம் பாதையோரம் துணி காயப்போட்டிருந்த வீட்டுக்காரம்மாக்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

அந்தக் குட்டி டர்பைனை நான் கையில் பிடித்தது 2003-ல். அப்போது மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மேலும் கீழுமாக இரண்டு டிரம், அதாவது பெரிய உருளைகள், வைத்த தண்ணீர்க் குழாய் பாய்லர். இங்கே எதிரி கரி இல்லை, டியூபுக்குள் பிடித்த சுண்ணாம்பு. போரிங் தண்ணீரில் வேகவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாசாரம், கல் மாதிரி இறுகினது. இரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் சூட்டை மறிக்கும். கரி பணத்தை மட்டும்தான் தின்னும். சுண்ணாம்பு டியூபையே தின்னும்: உள்ளே தண்ணீர் தொட்டுக் குளிர்விக்க முடியாததால் இரும்பு சூடாகி, இளகி, வீங்கி, ஒரு நாள் வெடிக்கும்.

கருவி கைக்கு அடக்கமாக, பெரிய டார்ச் லைட் அளவில் இருந்தது. ரப்பர் ஹோஸ் வழியாகக் காற்று போகும்; உள்ளே இருக்கும் மோட்டார் சுழலும். தலையில் மடங்கும் கைகள், அவற்றில் பல் வைத்த சின்னச் சக்கரங்கள். சுழலும்போது கைகள் தானாக விரிந்து, சக்கரங்கள் சுவரில் உருண்டு, சுண்ணாம்பை நொறுக்கும். மூட்டு வைத்திருப்பதால் வளைவிலும் திரும்பும். ஆள் மேல் டிரம்முக்குள் மேன்ஹோல் வழியாகப் படுத்து நுழைந்து, ஒவ்வொரு டியூப் வாயிலும் இதை இறக்க வேண்டும். 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட விளக்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. வியர்வையும் இரும்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் 230 வோல்ட் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே கற்றது காது. சுண்ணாம்பை அறுக்கும்போது கருவி அடித்தொண்டையில் உறுமும். சுத்தமான இரும்பு வந்ததும் சத்தம் மேலே ஏறி, ஊசி மாதிரிப் பாடும். பாட்டு வந்தால் நகர்த்திவிட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுப்பதற்குச் சுண்ணாம்பு இல்லாமல் இரும்பை அறுக்க ஆரம்பித்துவிடும்.

நிறுத்தினேன். வெளியே காற்று வால்வைப் பிடித்திருந்த உதவியாள் ஏதோ கேட்டான். டீ வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் திரும்பி, காது கேட்காமல், “என்ன? என்ன?” என்று கத்திக்கொண்டிருந்தேன். கருவி பாடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் இருக்குமா? தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற ஹைட்ராலிக் டெஸ்ட்டில் அந்த டியூப் அழுதது. ஏற்கெனவே மெலிந்திருந்த டியூப்தான், இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனாலும் என் உறுமல் முடிந்த இடத்தில்தான் தண்ணீர் கசிந்தது. இரண்டு நுனியிலும் ஆப்பு மாதிரி பிளக் அடித்து அந்த டியூபை ஓய்வுக்கு அனுப்பினோம். பாய்லர் ஓடியது, ஒரு டியூப் குறைவாக. அந்த இரண்டு பிளக்குகளை ஒவ்வொரு வருஷ இன்ஸ்பெக்‌ஷனிலும் பார்த்து வணக்கம் வைப்பேன்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் ஒன்று. கல்கத்தாவில் 1863-ல் நடந்த பாய்லர் விபத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டில் பாய்லருக்குச் சட்டம் என்ற பேச்சே தொடங்கியது. 1923-ல் வந்த பாய்லர் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் ஓடி, இப்போது 2025-ம் வருஷச் சட்டத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் மாறினாலும் நம் வழக்கம் மாறவில்லை. வருஷத்தில் ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின வாரம் பாய்லர் பொங்கல் வீடு மாதிரி மின்னும். மீதிப் பதினோரு மாதம் சிம்னி தெர்மாமீட்டரை யார் பார்க்கிறார்கள்?

எந்த மெஷினும் போகாத இடமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னவனாவேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. சென்னை முழுக்க லாரித் தண்ணீர். தொழிற்சாலைகளுக்கும் அதேதான். காலையில் வந்த லாரி ஒரு கிணறு, மாலையில் வந்தது இன்னொரு கிணறு. ஒன்றின் கடினத்தன்மை ஒரு மாதிரி, இன்னொன்றுடையது மூன்று மடங்கு. கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னர் ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டியது, மதியமே கைவிட்டுவிடும். பரிசோதனைக் குப்பியில் சொட்டு விட்டால் நீலமாக இருக்க வேண்டிய தண்ணீர் திராட்சைச் சாறு மாதிரி சிவந்து நிற்கும். அதைப் பார்க்காமல் பாய்லருக்குள் விட்ட இடங்களில் எல்லாம் சுண்ணாம்பு. அதுவும் புகைக் குழாய் பாய்லரில், டியூபின் வெளிப்பக்கம், டியூபுக்கும் டியூபுக்கும் நடுவே. அங்கே பிரஷ் போகாது, டர்பைன் போகாது, ராடு போகாது. அமிலம் ஊற்றிக் கரைப்பதுதான் ஒரே வழி. அந்த வருஷம் அமிலம் விற்றவர்களுக்கு நல்ல வருஷம்.

சரி, ‘ஆளுதான் இருக்காங்களே’ கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் வீட்டுப் புகைபோக்கிகளைத் துடைக்கச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றியது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வெகுநாள் தெரியாதது என்னவென்றால், அதற்கு மெஷின் 1800-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் துளையுள்ள குச்சிகளைக் கயிற்றில் கோத்து, தலையில் பிரஷ் வைத்து, கீழிருந்தே தள்ளுகிற மாதிரி செய்துகாட்டினார். எங்கள் ஃபோர்மேனின் ராடுதான், மரத்தில். ஆனாலும் பையன்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் வந்த சட்டங்களை யாரும் மதிக்கவில்லை. 1875-ல் வந்த சட்டம்தான் அதை நிஜமாக நிறுத்தியது. மெஷினுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே எழுபது வருஷம். பையன் இருந்தானே, மெஷின் எதற்கு?

லண்டன் வரைக்கும் போவானேன். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் இங்கே சட்டம் வந்தது. மெஷினும் இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்த ஊரில் செய்தித்தாளைப் புரட்டியவர்களுக்கு நான் மேலே எழுத வேண்டியதில்லை.

எங்கள் ஃபோர்மேன் ஓய்வு பெறும்வரை அந்த மெஷினைத் தானே ஓட்டினார். வேறு யாரையும் விடமாட்டார். புது ஷாஃப்ட் வந்ததும் 59 மி.மீ. பிரஷை அவரே பாரிமுனைக்குப் போய், வெர்னியர் வைத்து அளந்து வாங்கிவந்தார். ராடு பிடித்த முப்பது வருஷத்தில் அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மெஷின் பெடலில் காலை வைத்து நிற்கும்போது மட்டும் ஒரு மிடுக்கு வரும். முதல் நாள் மதியம் ஒரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகத் தெரியாமல் மூன்று மணி வரை பாய்லர் ரூமிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் இப்போது வேலையை விட்டு, சின்னத் தொழிற்சாலைகளுக்கு பாய்லர் பார்த்துக் கொடுக்கிறேன். போன மாதம் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு இடம். விறகும் கடலைத்தோல் கட்டியும் எரிக்கிற பாய்லர், 86 டியூப். சிம்னி 290. நல்ல மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள், வாக்குவம் எல்லாம் உண்டு. அதை ஓட்டியவன் ஜார்கண்டில் இருந்து வந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்ட தமிழ். முகமூடி போட்டிருந்தான், தேங்காய் எண்ணெய் தேவைப்படவில்லை. மூன்று மணி நேரத்தில், “முடிஞ்சது சார்” என்றான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம்தான். ஆனால் கீழ் வரிசையில் ஓரத்தில் இரண்டு டியூப் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன, சாம்பல் பொத்தி. காட்டினேன். பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மெஷினை மறுபடி மாட்டினான். நான் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, ஒவ்வொரு டியூபாக உள்ளே பார்த்து, வாய்க்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “இது எதுக்கு சார்? நாளைக்கு நெருப்பு போட்டா எரிஞ்சிடும்ல?”

“அதுக்குள்ள எண்ணி முடிச்சிடலாம்பா” என்று மீதிச் சாக்பீஸை அவனிடம் கொடுத்தேன்.